அப்பா உதறிய பட்டம்

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் இருக்கிறார். நல்ல மனிதர். அவருக்கு வெள்ளைக்காரர்கள் மீது தீராத காதல். காலையில் நடக்கப் போகும்போது என்னைப் பிடித்துக்கொள்வார். "என்ன இருந்தாலும் மரபுன்னா அவன்தான் சார். நானூறு வருஷம் ஆனாலும் கட்டிக் காப்பாத்துவான். லார்டு, ஏர்ல், வைகவுண்ட்டுன்னு அந்தப் பேரையெல்லாம் சொல்லிப் பாருங்க, வாயிலயே ஒரு கம்பீரம் வரும்" என்றார் போன வாரம்.

நானும் சொல்லிப் பார்த்தேன். கம்பீரம் வரவில்லை. ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற ஒரு பட்டத்தின் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆசிரியரிடம் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். பால் பாக்கெட் வாங்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குப் பால் பாக்கெட் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிரிட்டிஷ் பிரபுக்களில் ஐந்து படிகள் உண்டு. டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். நம் கதாநாயகப் பட்டம் மேலிருந்து நான்காவது படி. மன்னர் காலத்துப் பழம்பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்தது 1942 ஜனவரியில். ஹிட்லர் உலகத்தையே கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஜனநாயகத்துக்காகப் போர் செய்வதாகச் சொன்ன நாடு, பிறப்பால் சட்டசபைக்குள் நுழையும் உரிமையைப் புதிதாக ஒரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தது.

வாங்கிக்கொண்டவர் வில்லியம் வெட்ஜ்வுட் பென். நமக்குக் கொஞ்சம் தெரிந்தவர். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது லண்டனில் இந்தியா மந்திரியாக உட்கார்ந்திருந்தவர் இவர்தான். 1929 முதல் 1931 வரை அந்தப் பதவி. தொண்டர்கள் தடியடி பட்டதும் சிறைக்குப் போனதும் இவர் காலத்தில்தான். முதல் வட்டமேஜை மாநாடு கூடியதும் இவர் காலத்தில்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மனிதருக்கு சல்யூட் வைக்க வேண்டும். லிபரல் கட்சி எம்.பி.யாக இருந்தவர் 1927-ல் தொழிற்கட்சிக்கு மாறினார். மாறியவர், பழைய கட்சி வாங்கிக் கொடுத்த சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். அடுத்த வருடம் வேறொரு தொகுதியில் புதுக் கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தார். இதைப் படிக்கும்போது யாருக்காவது இருமல் வந்தால் நான் பொறுப்பல்ல.

இப்படிப்பட்டவர் ஏன் பரம்பரைப் பட்டம் வாங்கினார்? காரணம் வேடிக்கையானது. பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதவில்லை. சர்ச்சிலின் போர்க்கால கூட்டணி அரசில் தொழிற்கட்சியும் பங்காளி. ஆகவே ஆள் சேர்க்க வேண்டும். இது வெகுமதி அல்ல, அரசாங்கத் தேவைக்காகச் செய்யும் ஏற்பாடு என்று அப்போதே விளக்கம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில், நீதிபதிகள் சிலரைத் தவிர, வாழ்நாள் முழுக்க மட்டும் ஒருவரைப் பிரபுவாக்கும் வழி சட்டத்தில் இல்லை. ஒருவரைச் சபைக்குள் அனுப்ப வேண்டுமென்றால் அவருடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஒரு வேலைக்கு ஒரு ஆள் தேவை. அந்த ஆளுக்குச் சம்பளமாக அவர் வம்சத்துக்கே வேலை. உலகத்தில் எந்தக் கம்பெனியாவது இப்படி ஆள் எடுக்குமா?

*

மூத்த மகன் மைக்கேலிடம் அப்பா கேட்டிருக்கிறார். அவர் பாதிரியாராகப் போக நினைத்திருந்தவர். அதனால் ஆட்சேபணை இல்லை என்றார். இளையவன் ஆன்டனிக்கு அப்போது 16 வயது. இளையவனுக்குத்தான் பட்டம் வராதே, அவனிடம் என்ன கேட்பது?

1944 ஜூனில் மைக்கேல் இறந்துபோனார். விமானப்படை விமானி. போர் ஒரு மகனைக் கொண்டுபோனது. பட்டம் அடுத்த மகனின் தலைக்கு மேலே வந்து நின்றது.

அந்த அடுத்த மகன்தான் பின்னாளில் உலகம் அறிந்த டோனி பென். தொழிற்கட்சியின் இடதுசாரிக் குரல். ஆறு வயதில், 1931-ல், லண்டன் வந்த காந்தியைப் பார்த்தவர். 1950-ல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார். அதற்கு முன் அந்தத் தொகுதி ஸ்டாஃபோர்டு கிரிப்ஸுடையது. ஆமாம், 1942-ல் இங்கே வந்து வெறுங்கையோடு திரும்பிய அதே கிரிப்ஸ்தான்.

பென்னுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பயம். அப்பா கண்ணை மூடினால் அந்த விநாடியே தான் பிரபு. பிரபு ஆகிவிட்டால் மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் உட்கார முடியாது. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சட்டத்தின் பார்வையில் பட்டம் சட்டைப் பையில் இருக்கும் பொருள் அல்ல, எடுத்துக் கீழே வைக்க. அது ரத்தத்தோடு ஒட்டியது.

ரத்தத்தோடு ஒட்டியது! இந்த வார்த்தையைக் கேட்டால் நமக்கு எதெல்லாம் ஞாபகம் வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பென் அப்பா உயிரோடு இருக்கும்போதே முயற்சி செய்தார். 1955-ல் தனக்கு மட்டும் விலக்கு கேட்டு ஒரு மசோதா. அப்பாவே மகனுக்காகப் பிரபுக்கள் சபையில் வாதாடினார். பிரபுக்கள் முடியாது என்றார்கள். அவர்கள் கோணத்தில் நியாயம்தான். ஒருவன் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி வெளியே போனால், "உனக்கு மட்டும் ஏன் வேண்டும்?" என்ற கேள்வி உள்ளே இருப்பவனைத் தேடி வரும்.

1960 நவம்பர் 17. அப்பா இறந்தார். அன்று காலை பென் எம்.பி. மறுபடி சபைக்குப் போக முடியாத பிரபு. அப்பா போன துக்கத்தோடு வேலையும் போனது. தப்பு எதுவும் செய்யவில்லை. லஞ்சம் வாங்கவில்லை. தேர்தலில் தோற்கவில்லை. அப்பா செத்துப்போனார், அவ்வளவுதான் குற்றம்.

தொகுதி காலி என்று அறிவித்து 1961 மே 4-ம் தேதி இடைத்தேர்தல் வைத்தார்கள். பென் மறுபடியும் அதே தொகுதியில் நின்றார். அவர் உட்காரத் தகுதியற்றவர், அவருக்குப் போடும் ஓட்டு வீண் என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே எச்சரித்தது. பிரிஸ்டல் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பென்னுக்கு 23,275 ஓட்டு. கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. வித்தியாசம் 13,044.

ஜெயித்தவர் நாடாளுமன்றம் போனார். வாசல் காவலர் உள்ளே விடவில்லை. விவகாரம் தேர்தல் வழக்கை விசாரிக்கும் கோர்ட்டுக்குப் போனது. பென் தனக்குத்தானே வக்கீலாக நின்று வாதாடினார். ஜூலையில் தீர்ப்பு வந்தது. பென் தகுதியற்றவர், ஆகவே தோற்ற செயின்ட் கிளேர்தான் எம்.பி. வழக்குச் செலவும் பென் தலையில்.

13,044 ஓட்டில் தோற்றவர் உள்ளே. ஜெயித்தவர் வெளியே. இதில் உச்சகட்டக் காமெடி ஒன்று இருக்கிறது. அந்த செயின்ட் கிளேரும் ஒரு பிரபு பட்டத்துக்கு வாரிசு வரிசையில் நின்றவர்! அவருடைய பட்டம் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் அவர் தகுதியானவர். நல்லவேளை, மனிதர் நாணயஸ்தர். சட்டம் மாறினால் ராஜினாமா செய்கிறேன் என்றார். சொன்னபடி பின்னால் செய்தார்.

*

பிரிஸ்டல் ஓட்டுகள் வீணாகவில்லை. பென்னின் எதிரிகளுக்கே கூச்சமாகிவிட்டது. சர்ச்சிலே பென்னின் கோரிக்கையை ஆதரித்தவர். சர்ச்சிலுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். 1955-ல் அவருக்கு டியூக் பட்டம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். காமன்ஸ் சபை எம்.பி.யாகவே இருக்க ஆசைப்பட்டார்.

கடைசியில் 1963-ல் பிரபுத்துவச் சட்டம் வந்தது. பரம்பரைப் பட்டத்தை விரும்பாதவர் உதறலாம். ஜூலை 31, மாலை ஆறு மணிக்கு மேல் சட்டத்துக்கு அரச ஒப்புதல். 6.22-க்கு பென் கையெழுத்துப் போட்டுவிட்டார். சரித்திரத்தில் பட்டத்தை அப்படி உதறிய முதல் ஆள். ஆகஸ்டில் மறுபடி இடைத்தேர்தல், மறுபடி எம்.பி.

இத்துடன் சினிமாவாக இருந்தால் வணக்கம் போட்டிருப்பார்கள். எல்லோரும் கைதட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம். இந்தக் கதையை எழுதுகிற பலரும் இந்த இடத்தில்தான் முடிக்கிறார்கள். நான் இங்கேதான் ஆரம்பிக்கிறேன்.

அந்தச் சட்டத்தின் இன்னொரு வரியைப் பாருங்கள். உதறுபவர் தன் ஆயுளுக்கு மட்டும்தான் உதற முடியும். அவர் உயிரோடு இருக்கும்வரை பட்டம் தூங்கும். அவர் போனதும் எழுந்து அடுத்த வாரிசின் வீட்டுக் கதவைத் தட்டும். அதாவது, உனக்கு வேண்டாமென்றால் நீ போ, பட்டம் இருக்கும்.

பென் ஜெயித்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், பட்டமும் ஜெயித்தது. அதுவும் பென்னைவிடப் பெரிய வெற்றி.

எப்படியென்றால், ஒரு முறைக்கு உண்மையான ஆபத்து வெளியே நின்று கல்லெறிபவனால் வருவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்டு "விடு, விடு" என்று கத்துபவனால் வருகிறது. 23,275 பேர் பின்னால் நிற்க, வாசலில் நின்று அவன் கத்தினால் ஊரே கேட்கும். அவனுக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டால்? சத்தம் நின்றுவிடும். வீடு பத்திரம். 1963 சட்டம் பரம்பரைப் பட்டத்தின் சவப்பெட்டி அல்ல. அதற்குப் போட்ட பென்ஷன்.

யாருக்கு முதல் லாபம் கிடைத்தது தெரியுமா? அதே 1963 அக்டோபரில் கன்சர்வேடிவ் பிரதமர் மெக்மில்லன் பதவி விலகினார். அடுத்த பிரதமராக வந்தவர் 14-வது ஹோம் ஏர்ல். பிரபுவாக இருந்துகொண்டு பிரதமர் பதவி வகிப்பது அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை. என்ன செய்வது? அதான் பென் போராடி வாங்கிய சட்டம் சுடச்சுட இருக்கிறதே! அக்டோபர் 23-ம் தேதி ஏர்ல் பட்டத்தைக் கழற்றி வைத்தார், சர் அலெக் டக்ளஸ்-ஹோம் ஆனார், இடைத்தேர்தலில் நின்று காமன்ஸுக்குள் வந்தார். தொழிற்கட்சிக்காரர் வெட்டிய கிணற்றில் கன்சர்வேடிவ் தண்ணீர் குடித்தது. 1974-ல் அவர் வாழ்நாள் பிரபுவாகத் திரும்பவும் அதே பிரபுக்கள் சபைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பென் அப்படிச் செய்யவில்லை. 2001 வரை எம்.பி.யாக இருந்தார். மந்திரியாக இருந்தார். பிறகும் பிரபுக்கள் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த மட்டில் மனிதர் சுத்தம்.

2014 மார்ச் 14. டோனி பென் காலமானார். வயது 88. ஐம்பது வருடத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்த பட்டம் அன்று கண் விழித்தது. மூத்த மகன் ஸ்டீபன் பென் வாங்கிக்கொண்டார். மூன்றாவது ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட். அவருக்கும் அதே சட்டம் ஒரு வருட அவகாசம் கொடுத்திருந்தது, உதறுவதற்கு. அவர் உதறவில்லை. 2021 ஜூலையில் பிரபுக்கள் சபைக்குள்ளேயே போய்விட்டார். அப்பாவைக் காவலர் தடுத்தது காமன்ஸ் வாசலில். மகன் நுழைந்தது பக்கத்து வாசலில்.

*

ஸ்டீபன் பென்னைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. விஷயம் தெரிந்தவர். ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியில் நாடாளுமன்ற விவகாரங்களைப் பல வருடம் கவனித்தவர். விஞ்ஞானிகளுக்காகப் பேச சபையில் ஒரு ஆள் வேண்டுமென்றால் அவர் பொருத்தமானவர்தான். நான் கேட்பது வேறு. அவர் உள்ளே போனது அந்தத் தகுதியாலா? கெமிஸ்ட்ரி தெரிந்த ஒரு பஸ் டிரைவர் மகன் அந்த வாசலில் நின்றிருந்தால் விட்டிருப்பார்களா?

அவர் எப்படி உள்ளே போனார் என்ற கதை இன்னும் சுவாரசியம். 1999-ல் டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆனால் பேரம் பேசி 92 பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். அரசாங்க அகராதியில் 'தற்காலிகம்' என்றால் என்ன அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். அங்கேயும் அதே அகராதிதான்.

அந்த 92-ல் ஒருவர் இறந்தால்? இடைத்தேர்தல் வைத்தார்கள்! பரம்பரைப் பட்டம் உள்ளவர் மட்டும் நிற்க முடிந்தது. பெரும்பாலான இடங்களுக்கு அந்தந்தக் கட்சிப் பரம்பரைப் பிரபுக்கள் மட்டும்தான் ஓட்டுப் போட முடிந்தது. தேர்தல் அறிக்கை 75 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்பது விதியாக இருந்தது. 2016-ல் லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஒரு இடத்துக்கு நடந்த தேர்தலில் வேட்பாளர்கள் ஏழு பேர். வாக்காளர்கள் மூன்று பேர். தப்பாக அச்சாகவில்லை. மூன்றே பேர். மூன்று ஓட்டும் தர்சோ வைகவுண்டுக்கு விழுந்தது. அவர் 1999-ல் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 2001-ல் காமன்ஸ் எம்.பி. ஆனவர். 2015-ல் மக்கள் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் மூன்று பேர் ஜெயிக்க வைத்தார்கள்.

ஸ்டீபன் பென்னின் 2021 தேர்தலில் அந்தச் சிரமமும் இல்லை. அவர் ஒருவர்தான் வேட்பாளர். போட்டியின்றித் தேர்வு. அவருடைய அப்பா ஒரு சீட்டுக்காக 23,275 ஓட்டு வாங்கியும் வாசலில் நின்றார் என்பதை இன்னொரு முறை ஞாபகப்படுத்துகிறேன்.

இந்த இடத்தில் சரித்திர ஆசிரியர் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்து சில கேள்விகள் கேட்பார் என்று வைத்துக்கொள்வோம்.

"பரம்பரைப் பிரபு யார் தயவிலும் உள்ளே வரலியே சார். கட்சித் தலைமைக்குப் பயப்பட வேண்டாம், ஓட்டுக்குப் பயப்பட வேண்டாம். சுதந்திரமாப் பேசலாம் இல்லையா?"

பேசலாம். யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவன் சுதந்திரமானவன்தான். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவனும் அவனேதான். முதல் பாதியை மட்டும் பாராட்டிவிட்டு இரண்டாம் பாதியை மறைப்பது நியாயமில்லை.

"நல்ல குடும்பத்துல கொள்கையும் சேர்ந்து வளருமே?"

வளருமா? கிளமென்ட் அட்லி. தொழிற்கட்சிப் பிரதமர். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த அரசின் தலைவர். 1955-ல் ஏர்ல் பட்டம் வாங்கிக்கொண்டார். அவர் பேரன், மூன்றாவது அட்லி ஏர்ல், 1999-க்குப் பிறகும் தங்கிய அந்தப் பரம்பரைப் பிரபுக்களில் ஒருவர். எந்தக் கட்சி வரிசையில் உட்கார்ந்தார்? கன்சர்வேடிவ். அது அவர் உரிமை. ஆனால் தாத்தாவுக்குக் கிடைத்த நாற்காலி தாத்தா வாழ்நாள் முழுக்க எதிர்த்த கட்சிக்குப் போய்விட்டது. நாற்காலி பரம்பரையாக வரும், கொள்கை வராது. 1942-ல் தொழிற்கட்சிக்கு பலம் சேர்க்கிறோம் என்று பரம்பரைப் பட்டம் கொடுத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

"அப்படின்னா எலெக்‌ஷன்ல நிக்கற வாரிசுங்க மட்டும் யோக்கியமா?"

இது நல்ல கேள்வி. பதில் அதே வீட்டில் இருக்கிறது. டோனி பென்னின் இரண்டாவது மகன் ஹிலாரி பென். 1999-ல் லீட்ஸில் இடைத்தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். மந்திரியாகவும் இருந்தவர். கொள்ளுத்தாத்தா... மன்னிக்கவும், அவருக்கு அது அப்பாவின் தாத்தா... ஜான் பென் தொடங்கி நான்கு தலைமுறை எம்.பி. குடும்பம் அது. பென் என்ற பெயர் ஹிலாரிக்கு உதவவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நிச்சயம் உதவியிருக்கும். அப்பா பெயரில் ஓட்டுக் கேட்பது எனக்குப் பிடித்த காரியமும் அல்ல.

ஆனால் இரண்டு சகோதரர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹிலாரியைப் பிடிக்கவில்லை என்றால் லீட்ஸில் ஒரு வீட்டுக்கார அம்மா பென்சிலை எடுத்து வேறொரு பெயருக்கு நேரே பெருக்கல் குறி போடலாம். ஸ்டீபனைப் பிடிக்கவில்லை என்றால் அந்த அம்மா என்ன செய்வார்? அந்தப் பென்சிலை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்து போடலாம்.

பிறப்பு ஒருவருக்கு அறிமுகம் தரலாம், அது ஒரு கெட்ட பழக்கம். பிறப்பே நியமன உத்தரவு என்றால் அது அநியாயம். கெட்ட பழக்கத்தைக் காட்டி அநியாயத்தை நியாயப்படுத்தாதீர்கள்.

*

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டீபன் பென்னின் மூத்த குழந்தை ஒரு பெண். எமிலி பென். 2010 பொதுத்தேர்தலில் இருபது வயதில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றவர். குடும்பத்தில் அரசியலுக்கு அடுத்து வந்த ஆள் அவர்தான். ஆனால் பட்டம் அவருக்கு வராது. தம்பிக்குத்தான் போகும். ஏனென்றால் 1942-ல் எழுதியபடி அது ஆண் வாரிசுக்கு மட்டும்.

இங்கிலாந்து 2013-ல் ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பிறகு அரச குடும்பத்தில் பிறக்கும் மூத்த பெண்ணைத் தாண்டித் தம்பி சிம்மாசனம் ஏற முடியாது. ராஜா வீட்டுக்கு நியாயம் வந்துவிட்டது, பிரபு வீட்டுக்கு வரவில்லை. பரம்பரைப் பிரபுக்களாகச் சபையில் இருந்தவர்களில் கடைசிப் பெண் மார் கவுண்டஸ். அவர் 2020-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் மிஞ்சியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு நாட்டின் சட்டசபையில், 21-ம் நூற்றாண்டில், பெண்ணாகப் பிறந்ததால் பெரும்பாலும் எட்ட முடியாத ஒரு வரிசை. இதைத்தான் நம் ஆசிரியர் 'மரபு' என்கிறார். எங்கள் பாட்டி காலத்திலும் இதற்கு மரபு என்றுதான் பெயர்.

பட்டம் கொடுப்பவர்களுக்கே இதில் கூச்சம் இருந்தது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1958-ல் வாழ்நாள் பிரபுச் சட்டம் வந்தது. ஆளுக்கு மட்டும் பதவி, வம்சத்துக்கு இல்லை. 1942-ல் சொன்ன சாக்கு, வேறு வழி இல்லை என்ற அந்தச் சாக்கு, 16 வருடத்தில் செத்துப்போனது. 1964-க்குப் பிறகு புதிதாகப் பரம்பரைப் பிரபு யாரையும் ஆக்குவதில்லை என்று ஆனது. 1983-ல் மார்கரெட் தாட்சர் மறுபடி ஆரம்பித்தார். வைகவுண்ட் ஆக்கியது இரண்டு பேரை. வில்லியம் ஒயிட்லாவுக்கு நான்கு பெண்கள், மகன் இல்லை. ஜார்ஜ் தாமஸ் கல்யாணமே ஆகாதவர். வாரிசு இல்லாதவர்களுக்கு வாரிசுப் பட்டம்! கொடுத்த மாதிரியும் இருக்கும், தொடராமலும் போகும். அதன்படியே இரண்டு பட்டங்களும் அவர்களோடு போயின. கூடவே இருந்திருந்தால், "அம்மா, நம்பிக்கை இல்லாத சாமிக்கு ஏன் தேங்காய் உடைக்கிறீர்கள்?" என்று கேட்டிருப்பேன்.

2024 செப்டம்பரில், மிச்சமிருந்த பரம்பரைப் பிரபுக்களையும் சபையிலிருந்து வெளியேற்ற பிரிட்டிஷ் அரசு மசோதா கொண்டுவந்தது. ஸ்டீபன் பென்னின் தொழிற்கட்சி அரசுதான். ஹிலாரி பென் மந்திரியாக இருந்த அரசும் அதுதான். தம்பி உட்கார்ந்த அமைச்சரவை அண்ணன் உட்கார்ந்த நாற்காலியை எடுக்க மசோதா போட்டது. இதைவிட நல்ல கிளைமாக்ஸை எந்த மெகா சீரியலும் எடுத்ததில்லை.

நல்ல காரியம்தான். வரவேற்கிறேன். ஆனால் மறுபடியும் அதே அரைக் கிணறு. மசோதா பேசியது நாற்காலியைப் பற்றி. பட்டத்தைத் தொடவில்லை. 1963-ல் ஆளை விடுவித்துப் பட்டத்தைக் காப்பாற்றினார்கள். 1999-ல் 600 பேரை அனுப்பி 92 பேரைக் காப்பாற்றினார்கள். 2024-ல் நாற்காலியை எடுத்தாலும் பெயரைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் காப்பாற்றுகிறார்கள். வேரை விட்டுவிட்டுக் கிளை வெட்டுவதற்குத் தோட்டக்காரர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு.

"வெறும் பெயர்தானே சார், அலங்காரத்துக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்பார் ஆசிரியர். வெறும் பெயர் என்றால் எடுத்துவிடுவதில் என்ன கஷ்டம்? எடுக்க இவ்வளவு தயங்குகிறார்களே, அதிலிருந்தே தெரியவில்லையா அது வெறும் பெயர் இல்லை என்று? ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைவிட உயர்ந்த இடத்தில் பிறக்கிறது என்று அரசாங்கமே முத்திரை குத்தித் தரும் காகிதம் அது. அந்தக் காகிதம் இருக்கும்வரை, நாற்காலி என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.

டோனி பென் 2001-ல் காமன்ஸ் சபையை விட்டுப் போகும்போது, அதிகாரத்தில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைச் சொன்னார். உன்னிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யார் நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறாய், யாருக்குப் பதில் சொல்வாய் என்று நான்கு. ஐந்தாவதுதான் முக்கியம். உன்னை எப்படி நாங்கள் நீக்குவது? நீக்க வழி இல்லாத இடத்தில் ஜனநாயகம் இல்லை என்பது அவர் கட்சி.

அந்த ஐந்தாவது கேள்வியை அவர் பிரதமர்களிடம் கேட்டார், ஜனாதிபதிகளிடம் கேட்கச் சொன்னார். அவர் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பட்டத்திடமும் ஒருநாள் கேட்டிருக்க வேண்டும். என்னை விடு என்று சட்டம் வாங்கியவர், யாருக்கும் வேண்டாம் என்று சட்டம் வாங்க முடியாமல் போனார். அது அவர் ஒருவரின் தோல்வி அல்ல. தனக்கு மட்டும் விடுதலை கேட்கும் எந்தப் போராட்டமும் போய் நிற்கும் இடம் அதுதான்.

அநியாயமான ஒரு சலுகையை ஒரு நல்ல மனிதர் மறுத்தால் அவரைப் பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அவர் கீழே வைத்ததை யாரும் எடுக்க முடியாதபடி செய்துவிட்டுப் போங்கள்.

நாளைக் காலை ஆசிரியரைப் பார்க்கும்போது இதைச் சொல்லப் போகிறேன். இந்த முறை நானே பால் பாக்கெட்டை வாங்கிக் கையோடு கொண்டுபோகிறேன்.